"இதில் என்ன பெரிய விஷயம்?"

கூட்டம் ஒன்றரை மணி நேரமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. ஆளுக்கொரு பக்கம் பேசிக் குழப்பியாயிற்று. மூலையில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கி, "அப்படியென்றால் நம் சண்டை விலையைப் பற்றி இல்லை, தேதியைப் பற்றித்தானே?" என்கிறார். பத்து நிமிடத்தில் எல்லாரும் எழுந்துவிடுகிறார்கள். வெளியே வந்து பாராட்டினால், "இதில் என்ன பெரிய விஷயம்?" என்று கேட்கிறார். அடக்கமெல்லாம் இல்லை, அவருக்கு நிஜமாகவே அப்படித்தான் தோன்றுகிறது.

அவரிடமே நேர்காணலில் "உங்கள் பலம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "கடினமாக உழைப்பேன், குழுவோடு ஒத்துப்போவேன்" என்று ஒப்பிப்பார்.

தன் பலம் அவருக்கே தெரியாததற்குக் காரணம் எளிது. பழகிய வேலையை மூளை கவனத்தின் பொறுப்பிலிருந்து எடுத்துத் தானியங்கியாக்கிவிடுகிறது. வேகமாகத் தட்டச்சு செய்பவரிடம் ஓர் எழுத்து விசைப்பலகையில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், காற்றில் விரலை அசைத்துப் பார்த்துத்தான் சொல்வார். விரலுக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியாது. நாமோ வியர்வையை வைத்தே திறமையை அளக்கிறோம். சிரமப்படாமல் வருவது கணக்கில் சேர்வதே இல்லை.

1999இல் உளவியலாளர்கள் டேவிட் டன்னிங்கும் ஜஸ்டின் குரூகரும் வெளியிட்ட ஆய்வில், திறமை குறைந்தவர்கள் தங்களை மிகையாக மதிப்பிட்டார்கள் என்பதைத்தான் எல்லாரும் சொல்லிச் சிரிக்கிறோம். மறுபாதி எனக்கு இன்னும் சுவாரசியமானது. அந்த ஆய்வின் தேர்வுகளில் முதல் கால்வாசியில் வந்தவர்கள் தங்கள் இடத்தைக் குறைத்தே சொன்னார்கள். தங்களுக்குச் சுலபமானது மற்றவர்களுக்கும் சுலபம் என்று நினைத்ததுதான் காரணம். மற்றவர்களின் விடைத்தாளைத் திருத்தக் கொடுத்ததும் மதிப்பீட்டை உயர்த்திக்கொண்டார்கள்.

ஆக, பலத்தைத் தேட வேண்டிய இடம் பெரும்பாலும் வெளியே இருக்கிறது. பதற்றம் போன்ற உள்நிலைகள் நமக்கே நன்றாகத் தெரியும், அறிவுத்திறன் போன்றவற்றை நண்பர்களே துல்லியமாகக் கணிக்கிறார்கள் என்று உளவியலாளர் சிமின் வஜீர் 2010இல் காட்டினார். ஆனால் "என் பலம் என்ன?" என்று நண்பரிடம் கேட்டால் மரியாதைக்கு நாலு வார்த்தைதான் கிடைக்கும். "எந்தச் சிக்கல் வந்தால் என்னைத் தேடுவாய்?" என்று கேட்டால் பதில் வேறு மாதிரி வரும்.

அந்தப் பதிலைப் பொதுவான திறமையாக அகலமாக்கிவிடக் கூடாது. 1973இல் ஆய்வாளர்கள் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செஸ் பலகையை ஐந்து நொடி காட்டி, காய்களை அப்படியே அடுக்கச் சொன்னார்கள். நிஜ ஆட்டத்தின் நிலை என்றால் தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைச் சரியாக வைத்தார். காய்களைக் கன்னாபின்னாவென்று வைத்துக் காட்டினால் அவரும் கற்றுக்குட்டியும் ஏறக்குறைய ஒன்றுதான். அவருடைய பலம் 'ஞாபகசக்தி' இல்லை, பழகிய பலகையில் பழகிய வடிவங்களைப் பார்ப்பது. நம் கூட்டக்காரரின் பலமும் 'பேச்சுத்திறன்' அல்ல. முட்டிக்கொள்ளும் இருவர் எதைப் பற்றி முட்டுகிறார்கள் என்பதைப் பிடிப்பது.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அப்புறம்? உளவியலாளர் மார்ட்டின் செலிக்மனின் குழு 2005இல் வெளியிட்ட இணையவழி ஆய்வு, நற்பண்புகள் 24ஐப் பட்டியலிடும் வினாத்தாளைப் பயன்படுத்தியது. தம் முக்கியப் பலங்கள் எவை என்று அறிந்துகொண்டதோடு நின்றவர்களுக்குக் கிடைத்த மகிழ்ச்சி சீக்கிரமே வடிந்தது. அவற்றில் ஒன்றை ஒரு வாரம் தினமும் புதிய விதத்தில் பயன்படுத்தியவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. விருப்பப்பட்டுச் சேர்ந்தவர்கள் என்பதால் இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் வினாத்தாள் மதிப்பெண்ணைப் பார்த்துப் பூரித்துப்போகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

இன்னொரு எச்சரிக்கை: கைவந்த வேலை எல்லாம் பிடித்த வேலை ஆகிவிடாது. கணக்கைச் சட்டென்று முடித்துவிட்டு, முடித்த கையோடு சோர்ந்து விழுகிறவர்கள் உண்டு. அவர்களுக்குக் கணக்கே மேலும் மேலும் வந்து சேரும், அதுதான் வேடிக்கை.

பலத்தைப் பயன்படுத்த வேலையை விட வேண்டும் என்பதில்லை. ஆய்வாளர்கள் ஏமி ரெஸ்னெஸ்கியும் ஜேன் டட்டனும் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களிடம் இதைக் கண்டார்கள். ஒரே பணிதான். ஆனால் சிலர் நோயாளிகளோடு பேசுவதையும், அவர்களுக்குத் தொந்தரவில்லாத நேரம் பார்த்துச் செய்வதையும் தாங்களாகவே அதில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நம் கூட்டக்காரரும் மாத அறிக்கையை அதில் விருப்பமுள்ள ஒருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, இரண்டு குழுக்கள் முறைத்துக்கொள்ளும் கூட்டமாகப் பார்த்து நோட்டோடு போய் உட்காரலாம்.