அமுக்கிய ரப்பர் ஏன் திரும்பி எழுகிறது?

கோபியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கார்ல பின்னாடி ரெண்டு ஷாக் அப்சார்பரும் மாத்தினேனுங்க. ஐப்பசி மழைக்கப்புறம் டிக்கியில ஸ்டெப்னி பள்ளத்துல தண்ணி நிக்குது. மவுண்ட்டுக்கும் பாடிக்கும் நடுவுல இருந்த காஸ்கெட் கழட்டறப்பவே பிஞ்சு போச்சு, தனியா வாங்கவும் கிடைக்கலீங்க. பழைய ட்யூப்ல வெட்டிப் போட்டா ஆகுங்களா?"

வேண்டாங்க. ட்யூப் ரப்பர் தண்ணீரை விடாது, உண்மைதான். ஆனால் அது கெட்டி ஷீட். பாடித் தகட்டின் மேடுபள்ளத்திலும் வெல்டிங் தழும்பிலும் அது படிந்து உட்காராது. ஷாக்கின் மேல் மவுண்ட் போல்ட்டுகள் டிக்கிக்குள் நீட்டிக்கொண்டு வரும் வண்டிகளில், சக்கரம் வாரியடிக்கும் சேற்றுத் தண்ணீரைத் தடுப்பது மட்டுமே இந்த காஸ்கெட்டின் வேலை. எடையை இரும்புதான் தாங்க வேண்டும். தடித்த கெட்டி ரப்பரை நடுவில் வைத்து நட்டை முறுக்கினால், நாளாக ஆக ரப்பர் விட்டுக்கொடுக்கும், போல்ட்டின் இறுக்கம் குறையும், பிறகு மேட்டிலும் பள்ளத்திலும் டக் டக் என்று சத்தம். ஆகவே இரும்பும் இரும்பும் முட்டும் அளவுக்கு நசுங்கி, ஓரங்களில் இடைவெளியை நிரப்பும் மெத்தென்ற ஸ்பாஞ்ச்தான் சரி.

அதிலும் மூடிய கண்ணறை ஸ்பாஞ்ச், அதாவது உள்ளிருக்கும் குட்டிக் காற்றறைகள் தனித்தனியாக மூடியிருப்பது. சோபாவுக்குப் போடும் ஸ்பாஞ்சில் அறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும். தண்ணீரைக் குடித்து, தகட்டோடு ஒட்டிப் பிடித்துத் துருவை வளர்க்கும். கடையிலேயே சோதிக்கலாம்: துண்டைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிழியுங்கள். குமிழி குமிழியாக வந்து துண்டு கனத்தால் அது திறந்த வகை.

இனி எனக்குப் பிடித்த இடம். பல வருஷம் அமுங்கிக் கிடக்கும் இந்த வளையம் தொடர்ந்து தகட்டைத் திருப்பித் தள்ளிக்கொண்டே இருக்கிறதே, எதனால்? ஸ்பிரிங்கை அமுக்கினால் இரும்பு அணுக்களின் பிணைப்புகள் நெரிபட்டு எதிர்க்கின்றன. ரப்பரில் நடப்பது அது அல்ல. திருப்பூர் பனியன் கம்பெனியில் குவிந்து கிடக்கும் கழிவு நூலை எண்ணிப் பாருங்கள். அங்கங்கே முடிச்சுப் போட்ட குவியல். ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் அப்படித்தான் கிடக்கின்றன, ஆனால் வெப்பத்தால் ஓயாமல் நெளிந்துகொண்டே. சுருண்டு கிடக்க அவற்றுக்குக் கணக்கில்லாத வழிகள் உண்டு, நீண்டு கிடக்கச் சில வழிகளே. வளையத்தை மேலிருந்து அமுக்கும்போது அறைச் சுவர்கள் வளைந்து, அவற்றிலுள்ள சங்கிலிகள் இழுபடுகின்றன. நெளியும் ஆட்டம் அவற்றை மறுபடி சுருளச் சொல்கிறது. காஸ்கெட் தகட்டைத் தள்ளும் விசையில் பெரும்பங்கு இந்த ஆட்டம்தான்.

வீட்டிலேயே உணரலாம். ரப்பர் பேண்டைச் சட்டென்று இழுத்து உதட்டில் வையுங்கள், வெதுவெதுப்பு தெரியும். இழுத்தபடியே கொஞ்ச நேரம் வைத்திருந்து, தளரவிட்டு உடனே உதட்டில் வைத்தால் குளிர்ச்சி. பார்வையற்ற ஆங்கிலேய அறிஞர் ஜான் காஃப் 1805-இல் இதை எழுதி வைத்தார். 1859-இல் இயற்பியல் அறிஞர் ஜூல் அளந்து காட்டினார். எடை தொங்கும் ரப்பரைச் சூடாக்கினால் அது சுருங்கி எடையைத் தூக்கும். இரும்புக் கம்பியோ நீளும்.

காஸ்கெட் சாவது முடிச்சுகளில். சாதாரண ரப்பரில் சங்கிலிகளைக் கட்டுவது கந்தகப் பாலங்கள். கந்தகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையிலான பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 270 கிலோஜூல் போதும். வெயிலில் காய்ந்த வண்டியின் சூட்டில் அந்த முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, அமுங்கிய நிலையிலேயே பக்கத்துச் சங்கிலியோடு மறுபடி கட்டிக்கொள்கின்றன. புது முடிச்சுக்கு நசுங்கிய வடிவமே சொந்த வடிவம். அப்புறம் தள்ளுவதற்கு எதுவும் இல்லை. பெராக்சைடால் பதப்படுத்திய ரப்பரில் கார்பனும் கார்பனும் நேராகக் கட்டிக்கொள்கின்றன; அதை உடைக்கச் சுமார் 350 வேண்டும். அதனால் அது நெடுநாள் தாங்கும்.

இதை அளப்பது எளிது. துண்டின் தடிமனில் கால்வாசியைக் குறைத்து இரண்டு தகடுகளுக்கு நடுவே இறுக்கி, 70 டிகிரியில் 22 மணி நேரம் வைத்து, எடுத்து அரை மணி கழித்து எவ்வளவு எழாமல் நின்றுவிட்டது என்று பார்ப்பார்கள். பம்ப்செட்டுக்கு காஸ்கெட் வெட்டும் கோவைப் பட்டறைகள் ஒவ்வொன்றுக்கும் இந்தச் சோதனை கைக்கெட்ட வேண்டும் என்பது என் கருத்து. கோட்டயத்தில் 1955 முதல் ரப்பர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு இந்தப் பக்கம் ரப்பரை வாங்கி வெட்டுகிறவர்களுக்கும் பொதுப்பணத்தில் ஒரு சிறு சோதனைக்கூடம் கிடைத்தால் என்ன தப்பு?

எந்த ரப்பர் என்று கேட்டால், ஈபிடிஎம் (EPDM) என்ற செயற்கை ரப்பரில் செய்த ஸ்பாஞ்ச். அதன் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை, ஆகவே ஓசோனும் வெயிலும் அதை வெடிக்க வைக்காது. எண்ணெய் மட்டும் ஆகாது, ஊதிவிடும். ஒரு சாண் கீழே, ஷாக்குக்குள் எண்ணெயைப் பிடித்து நிற்கும் சீல் பெரும்பாலும் நைட்ரைல் என்ற, எண்ணெயைத் தாங்கும் வேறு ரப்பர். ஈபிடிஎம்முக்கு எண்ணெய் ஆகாததால் காஸ்கெட்டில் சாதாரண கிரீஸ் தடவாதீர்கள், சிலிக்கான் கிரீஸ் தடவலாம். எண்ணெய் படும் இடமென்றால் நியோப்ரீன் என்ற இன்னொரு செயற்கை ரப்பர் நடுத்தரமான தேர்வு. காடி வாசனை அடிக்கும் சிலிக்கான் பசை வேண்டவே வேண்டாம். அந்த வாசனை அசிட்டிக் அமிலம், பெயிண்ட் உரிந்த தகட்டை அரிக்கும்.

பிஞ்சுபோன காஸ்கெட்டை வீசிவிடாமல், அதன் விளிம்பையும் போல்ட் ஓட்டைகளையும் அட்டையில் வரைந்துகொள்ளுங்கள். அமுங்காத ஓரம் எங்காவது இருந்தால் அதன் தடிமனுக்கே ஷீட் வாங்குங்கள். இரண்டு பக்கத் தகட்டையும் துடைத்து, துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துக் காயவிட்ட பிறகு மாட்டி, வண்டிக் கம்பெனி சொன்ன அளவுக்கு நட்டை முறுக்குங்கள். டிக்கி கார்ப்பெட்டைப் போடும் முன் ஒருவர் சக்கர வளைவுக்குள் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடிக்க, இன்னொருவர் உள்ளே டார்ச் அடித்துப் பார்க்கட்டும்.