கல்லீரலுக்குக் காத்திருப்போரும் ஹோட்டா சட்டமும்

சிறுநீரகம் செயலிழந்தவரை ரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் பல ஆண்டுகள் வாழவைக்கும். கல்லீரல் முற்றிலும் கெட்டுப்போனவரை அப்படி நெடுங்காலம் தாங்க இன்றுவரை எந்த இயந்திரமும் இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான், ஹோட்டா என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் சிங்கப்பூரின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் விதிகளைக் கல்லீரல் நோயாளியின் குடும்பத்தார் படிக்க வேண்டும்.

1987இல் இச்சட்டம் இயற்றப்பட்டபோது, விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகங்களை மட்டுமே அது உள்ளடக்கியது. 2004ஆம் ஆண்டுத் திருத்தம் கல்லீரல், இதயம், விழிவெண்படலம் ஆகியவற்றைச் சேர்த்ததுடன், மரணத்தின் காரணம் எதுவாயினும் சட்டம் பொருந்தும் என்றும் ஆக்கியது. 2008 ஆகஸ்ட் முதல் முஸ்லிம்களும் இதன்கீழ் வந்தனர். மறு ஆண்டு 60 வயது என்ற உச்சவரம்பும் நீக்கப்பட்டது. இன்று, மனநலக் குறைபாடு இல்லாத, 21 வயது நிரம்பிய குடிமக்களும் நிரந்தரவாசிகளும், மறுப்புத் தெரிவிக்காத வரையில், இறந்தபின் உறுப்புத் தர இசைந்தவர்களாகவே கருதப்படுகின்றனர். வேலை அனுமதியில் இங்கிருக்கும் நம் உறவினர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் விரும்பினால், 18 வயது நிரம்பியோர் தாமாக முன்வந்து உறுதிமொழி அளிக்க வழிசெய்யும் வேறொரு சட்டத்தின்கீழ் பதிவு செய்துகொள்ளலாம்.

மறுப்புத் தெரிவிப்பது ஒவ்வொருவரின் உரிமை. எந்த உறுப்பைத் தர விருப்பமில்லை என்று தனித்தனியாகவும் குறிப்பிடலாம். ஆனால் அதற்கொரு விலை உண்டு. கல்லீரலைத் தர மறுத்துப் பதிவு செய்தவருக்குப் பின்னாளில் கல்லீரல் தேவைப்பட்டால், மறுக்காதவர்களுக்கு அடுத்த நிலையிலேயே அவர் வைக்கப்படுவார். மறுப்பை எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளலாம் என்றாலும், மீட்டுக்கொண்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே மற்றவர்களுக்குச் சமமான முன்னுரிமை கிடைக்கும். சிறுநீரக நோயாளி இந்த இரண்டு ஆண்டுகளை இயந்திரத்தின் துணையோடு கடந்துவிடக்கூடும். முற்றிய கல்லீரல் நோயாளிக்கோ அது பல வேளைகளில் கைக்கெட்டாத காலம். நோய் கண்டபின் படிவத்தை மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் இந்த உறுப்பைப் பொறுத்தவரை பெரிதும் பயன்படாது என்பதே என் கருத்து.

தகனத்துக்கு முன் உடலில் கத்தி படக்கூடாது என்ற தயக்கம் நம் வீடுகளில் மூத்தோரிடம் இன்னும் இருக்கிறது. அதைக் குறைசொல்வதற்கில்லை, ஆனால் சட்டப்படி மறுப்பு என்பது இறந்தவர் உயிரோடிருக்கையில் பதிவு செய்ததுதானே தவிர, அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பிள்ளைகள் சொல்வது அன்று. மூளை மீளமுடியாதபடி செயலிழந்துவிட்ட மூளைச் சாவை, மாற்றுச் சிகிச்சைக் குழுவைச் சாராத இரண்டு மருத்துவர்கள் உறுதிப்படுத்த வேண்டும். இதை முன்கூட்டியே வீட்டில் பேசிவைத்தால் அந்நேரத்துக் குழப்பமாவது குறையும்.

தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை நடைபெறுகிறது. யார் முதலில் பெயர் கொடுத்தார் என்பதைக் காட்டிலும், நோயின் கடுமையும் ரத்த வகையுமே பட்டியலில் முக்கியம். பிலிருபின், கிரியேட்டினின், ரத்தம் உறையும் தன்மை முதலியவற்றைக் கொண்டு கணிக்கப்படும் மெல்ட் மதிப்பெண் பெரியவர்களுக்கு அந்தக் கடுமையை அளக்கிறது. எல்லாருக்கும் பட்டியலில் இடம் கிடைத்துவிடுவதில்லை. புற்றுநோய் கல்லீரலுக்கு வெளியே பரவியிருந்தாலோ, குடிப்பழக்கம் தொடர்ந்தாலோ, இதயம் அறுவையைத் தாங்காது என்று மருத்துவர்கள் கருதினாலோ வாய்ப்பு மறுக்கப்படலாம்.

காத்திருக்க இயலாதவர்களுக்கு இன்னொரு வழி, உயிரோடிருப்பவர் தம் கல்லீரலின் ஒரு பகுதியைத் தருவது. எஞ்சிய பகுதி மீண்டும் வளரும் என்பதால்தான் இது சாத்தியமாகிறது. ஆயினும் பெரிய அறுவைக்குரிய ஆபத்துகள் தருபவருக்கும் உண்டு; அபூர்வமாக உயிரிழப்பும் நேரலாம். உறவினராகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் மருத்துவமனையைச் சாராத மருத்துவரையும் மருத்துவரல்லாத ஒருவரையும் உள்ளடக்கிய நெறிமுறைக் குழு எழுத்துபூர்வமாக ஒப்புதல் தர வேண்டும். தருபவர் விளைவுகளைப் புரிந்துகொண்டாரா, பணமோ நெருக்குதலோ பின்னால் இருக்கிறதா என்று குழு ஆராயும். முதலாளிக்குத் தர முன்வரும் வீட்டுப் பணிப்பெண், மாமனாருக்குத் தர முன்வரும் மருமகள் போன்றோரிடம் இக்கேள்விகள் எவ்வளவு அவசியம் என்பதை விளக்க வேண்டியதில்லை. கடைசி நேரத்தில்கூடத் தருபவர் விலகிக்கொள்ளலாம். உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆனால் மருத்துவச் செலவு, இழந்த ஊதியம் போன்ற நியாயமான இழப்புகளை ஈடுசெய்வதைச் சட்டம் அனுமதிக்கிறது.

செலவைப் பொறுத்தவரை மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதி, மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு ஆகிய இரண்டையும் வரம்புகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம். அப்போதும் கட்ட இயலாத குடிமக்கள் மெடிஃபண்டு என்ற அரசு உதவி நிதிக்கு விண்ணப்பிக்கலாம். அறுவைக்குப்பின் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டியிருப்பதால், அறுவைக் கட்டணத்தை மட்டும் கணக்கிட்டு முடிவெடுப்பது சரியன்று. மருத்துவமனையின் மருத்துவச் சமூகப் பணியாளரைப் பரிசோதனைக் கட்டத்திலேயே சந்தித்து, மாதாந்தர மருந்துச் செலவையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.