ஒட்டுப் போடுவதற்கு முன் துளையைப் பாருங்கள்

மவுண்டன் சைக்கிள் வாங்குகிறவர்கள் ரயரைத் தடவிப் பார்த்துவிட்டு, இதில் எந்த முள்ளும் ஏறாது என்று நம்பிவிடுகிறார்கள். சில வாரங்களில் உருட்டிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். "மலிவான ரியூப் போட்டு விற்றுவிட்டார்கள், அண்ணை" என்பது வழக்கமான முறைப்பாடு. ரியூப் பாவம். அந்த ரயரில் தடிப்பாக இருப்பவை பற்கள் மட்டும்தான். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே தோல் மெல்லியது. நெருஞ்சி முள் அங்கேதான் இறங்குகிறது.

ரியூப்பைக் கழற்றியதும் துளை எந்தப் பக்கம் இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ரயரைத் தொட்ட பக்கத்தில் ஊசிமுனை அளவு துளை என்றால் முள் அல்லது கம்பி. பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு கீறல் இருந்தால் முள்ளைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். காற்றுக் குறைந்த சில்லு ஒரு பள்ளத்தின் விளிம்பிலோ ஒழுங்கையில் துருத்திய கல்லிலோ இடித்து, ரியூப் றிம்மோடு நசுங்கியிருக்கிறது. துளை றிம் பக்கம் என்றால், உள்ளே ஓடும் பட்டி விலகி, ஸ்போக் கம்பியின் முனை குத்துகிறது. பட்டியைச் சரிசெய்யாமல் ஒட்டுப் போட்டால் அதே கம்பி அடுத்த துளையையும் போடும்.

யாழ்ப்பாணத்தில் முள்ளுக்குக் குறைவில்லை. மாரி மழையில் வீதியோரத்திலும் வெறும் வளவுகளிலும் மைதான விளிம்புகளிலும் படரும் நெருஞ்சி, மஞ்சள் பூ பூத்து, வெயில் ஏற ஏறக் காய் முற்றி உதிர்கிறது. முற்றிய காய் ஐந்து துண்டுகளாகப் பிரியும். எந்தத் துண்டு எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்துக்கொண்டுதான் கிடக்கும். பஸ்ஸுக்கு வழிவிட வீதியை விட்டு இறங்குகிறவர்கள் நேராக அதன்மேல்தான் இறங்குகிறார்கள். இறங்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஏறியதும் நின்று ரயரை ஒருமுறை சுழற்றிப் பாருங்கள். தோலில் மட்டும் குத்தி நிற்கும் முள்ளை அப்போதே பிடுங்கிவிட்டால் ரியூப் தப்பிவிடும்.

முள்ளைவிட எனக்கு எரிச்சல் தருவது கம்பி. வேலியைப் புதுப்பிக்கிறவர்கள் வெட்டிய முட்கம்பித் துண்டுகளை ஒழுங்கையிலேயே விட்டுவிடுகிறார்கள். ஹர்த்தாலுக்குச் சந்தியில் ரயர் எரித்தால் இறப்பர் கருகிப்போகும், உள்ளிருந்த மெல்லிய உருக்குக் கம்பிகள் வீதியில் மிஞ்சும். முடியைப்போல் மெல்லிய அந்தத் துண்டு ரயருக்குள் புகுந்தால் கண்ணுக்குத் தெரியாது.

"ஒட்டிய மறுநாளே மீண்டும் போய்விட்டது" என்று வருகிறவர்களில் பலருக்குப் பழைய முள்ளின் முனை ரயருக்குள் முறிந்து கிடக்கிறது. அதைப் பிடிக்க ஒரு வழி உண்டு. ரயரைப் பூட்டும்போதே அதில் உள்ள பெயரை வால்வுக்கு நேராக வைத்துப் பூட்டுங்கள். ரியூப்பில் துளை வால்விலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, ரயரிலும் அவ்வளவு தூரத்தில்தான் முள் இருக்கும். ரியூப் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று தெரியாவிட்டால் வால்வின் இரு பக்கமும் பாருங்கள். பிறகு ஒரு பருத்தித் துணியால் ரயரின் உட்புறத்தை மெதுவாகத் துடையுங்கள். நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கிறது. வெறும் விரலால் தடவ வேண்டாம்.

காற்று விடயத்தில் எல்லோருக்கும் தம் பெருவிரலில் அளவுகடந்த நம்பிக்கை. ரயரின் பக்கவாட்டில் அழுத்த அளவு அச்சிடப்பட்டிருக்கிறது. மவுண்டன் ரயர்கள் பலவற்றில் அது 40 முதல் 65 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். அளவுமானி உள்ள பம்பால் வாரம் ஒருமுறை அடியுங்கள், ஏனென்றால் துளை இல்லாத ரியூப்பிலும் காற்று மெல்லக் கசியும். தார் வீதியில் மேல் அளவை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். கரியரில் ஆளையோ மூட்டையையோ ஏற்றினால் பின்சில்லுக்குக் கட்டாயம் வேண்டும். மணற்காட்டுப் பக்கம் மணலில் ஓடக் காற்றைக் குறைக்கிறவர்கள் தார் வீதிக்கு ஏறியதும் மறுபடி அடிக்க வேண்டும். பம்ப் இல்லாமல் போனால் குறைக்காதீர்கள்.

26 × 1⅜ ரியூப்பை 26 × 1.95 ரயருக்குள் போடுவதும் நடக்கிறது. இரண்டும் 26தானே என்கிறார்கள். முதலாவது 590 மி.மீ. றிம்முக்கு, இரண்டாவது 559 மி.மீ. றிம்முக்கு. ஒடுங்கிய ரியூப் அகன்ற ரயருக்குள் ஊதி மெலிந்து நிற்கும். சிறு முள்ளே போதும்.

துளையடைக்கும் திரவம் முள்துளைக்கு உதவும், நசுங்கிய கீறலுக்கு உதவாது. நம்முடைய வெக்கையில் சில மாதங்களில் காய்ந்தும்விடும். அது நனைத்த இடத்தில் ஒட்டும் எளிதில் பிடிக்காது. அந்தக் காசுக்குத் தடித்த ரியூப் வாங்குங்கள் என்பதுதான் என் பேச்சு. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வாங்கி, பிறகு மூலையில் சாத்திவைத்த சைக்கிள் என்றால் முதலில் ரயரின் பக்கச் சுவரைப் பாருங்கள். வெடித்திருந்தால் ரயரையே மாற்றுங்கள்.

காற்றுப் போனபின் ஏறி ஓடாதீர்கள், வீடு அடுத்த சந்தியில் இருந்தாலும் சரி. ரயர் றிம்மில் வழுக்கி, வால்வு சரிந்து, ரியூப் அதன் அடியில் கிழிந்துவிடும். அந்த இடத்தில் ஒட்டு நிற்காது, புது ரியூப்தான்.