ஐந்து மகாமகம் கண்டவர்

மனநல மருத்துவரான என்னிடம், தூக்கம் வரவில்லை என்று ஒரு பெரியவர் வந்திருந்தார். அறுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற அரசு ஊழியர். (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதில் வரும் மற்றவர்களுக்கும் அப்படித்தான்.) பசி, தூக்கம், சர்க்கரை, மாத்திரை எல்லாம் கேட்டு முடித்தபின், என்னிடம் வரும் எல்லோரிடமும் கேட்பதை அவரிடமும் கேட்டேன்: "சாமி கும்பிடுற பழக்கம் உண்டாங்கய்யா?"

கொஞ்ச நேரம் யோசித்தார். "அஞ்சு மகாமகம் பார்த்தவன் டாக்டரம்மா நான். ஒவ்வொண்ணுலயும் வேற வேற ஆளா இருந்தேன்" என்றார்.

கும்பகோணத்தில் 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகத்தை வைத்து வயதைச் சொல்வது எங்கள் பக்கத்து வழக்கம்தான். ஆனால் பக்தியின் வரலாற்றையே அப்படிச் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

1968-இல் அவருக்கு ஏழு வயது. அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தார். கங்கையும் மற்ற நதிகளும் அன்றைக்குக் குளத்துக்கு வருவார்கள் என்று பாட்டி சொல்லியிருந்ததால், எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள் என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாராம். 1980-இல் கல்லூரி மாணவர், கருஞ்சட்டைக்காரர். குளத்தில் இறங்கவில்லை. கரையில் நின்று, இறங்குகிறவர்களிடம் வாதம் செய்தார். 1992-இல் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. மனைவியோடு வேண்டுதலுக்கு வந்தார். நெரிசலில் சிக்கிப் பலர் இறந்துபோன மகாமகம் அது. கூட்டத்தில் மனைவியைத் தொலைத்துவிட்டு அரை நாள் தேடியிருக்கிறார். 2004-இல் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முழுகினார். 2016-இல் மனைவி உயிரோடு இல்லை. குளத்துப் பக்கமே போகாமல், வீட்டு வாசலில் பந்தல் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் நீர்மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

16 மண்டபங்கள் சூழ்ந்த அந்தக் குளம் மாறவில்லை. அவர்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறார். அப்படி மாறுவது தவறு என்றுதான் நம் வீடுகளில் நினைக்கிறோம். பக்தி என்றால் சின்ன வயதில் இருந்தபடியே கடைசிவரை இருக்க வேண்டும், அசைந்தால் ஏதோ கெட்டுவிட்டது என்று பயப்படுகிறோம். என் மருத்துவ அனுபவம் அதற்கு நேர்மாறானது. அசையவே அசையாத பக்தியைப் பார்த்துத்தான் நான் அதிகம் கவலைப்பட்டிருக்கிறேன்.

அமெரிக்க இறையியலாளர் ஜேம்ஸ் ஃபவுலர் 350-க்கும் மேற்பட்டவர்களிடம் நீண்ட நேரம் பேசி, நம்பிக்கை படிப்படியாக வளரும் விதத்தை 1981-இல் எழுதினார். கதையைக் கதையாகவே நம்பும் பருவம், கூட்டத்தோடு சேர்ந்து நம்பும் பருவம், எல்லாவற்றையும் கேள்வி கேட்கும் பருவம், அப்புறம் கேள்வியையும் நம்பிக்கையையும் ஒரே மடியில் வைத்துக்கொள்ளும் பருவம் என்று அவருடைய வரிசை போகிறது. அவர் பேசியவர்களில் பெரும்பாலோர் வெள்ளை இனக் கிறிஸ்தவர்கள். அதனால் நம் ஊர் வாழ்க்கையை அந்த அளவுகோலால் அப்படியே அளக்க நான் விரும்பவில்லை. குலதெய்வத்துக்குக் கிடா வெட்டி, வேளாங்கண்ணிக்கு மெழுகுவர்த்தி ஏற்றி, நாகூரில் சர்க்கரை வைத்து ஓதி வாங்கி வரும் ஒரே குடும்பத்தை எந்தப் படியில் நிறுத்துவது? ஆனாலும் கேள்வி கேட்பதும் வளர்ச்சியில் ஒரு படிதான் என்று அவர் சொன்னதைப் பெற்றோருக்கு நான் அடிக்கடி சொல்கிறேன்.

சின்னப் பிள்ளைகளிடம் "சாமி கண்ணைக் குத்தும்" என்கிறோம். நாம் விளையாட்டாகச் சொல்கிறோம், ஐந்து வயதுக் குழந்தை அதை அப்படியே நம்புகிறது. தம்பியைக் கிள்ளிவிட்டு, ராத்திரி கண்ணை மூடித் தூங்கவே பயந்த ஒரு சிறுமியை அழைத்து வந்தார்கள். மருந்தே தேவைப்படவில்லை. "சாமி அப்படியெல்லாம் செய்யாது, நான் சும்மா சொன்னேன்" என்று அவள் அம்மாவையே சொல்ல வைத்தேன். தயவுசெய்து அந்த வாக்கியத்தை விட்டுவிடுங்கள்.

பதின்ம வயதில் பையன் திருநீறு பூச மறுத்தால் உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிவர வேண்டியதில்லை. இது கோயில்களின் மண், அதே அளவுக்குப் பகுத்தறிவு இயக்கம் வேரூன்றிய மண்ணும்கூட. அப்பா தேவாரம் பாட, மகன் கருப்புச் சட்டை போட, இருவரும் ஒரே பந்தியில் சாப்பிட்ட வீடுகள் தஞ்சை, திருவாரூர் பக்கம் எத்தனையோ உண்டு. சரி, அவன் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, நண்பர்களோடு பேசுகிறானா? அதைப் பாருங்கள். இதெல்லாம் நின்றுபோயிருந்தால்தான் என்னிடம் வர வேண்டும்.

நான் அதிகம் பேச நினைப்பது நடுவயதில் வரும் கோபத்தைப் பற்றி. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரே இரவில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்டது. தென்னை போனால் அடுத்த போகத்தில் சரிக்கட்டிக்கொள்ள முடியாது. புதுக் கன்று காய்ப்புக்கு வரவே வருடங்கள் ஆகும். சில மாதம் கழித்து ஒரு விவசாயியை அவர் மனைவி அழைத்து வந்தார். "பூஜை அறைக் கதவைச் சாத்திட்டாருங்க. படத்தையெல்லாம் திருப்பி வச்சிட்டாரு" என்று அழுதார். தோப்பு போனதைவிட அந்த அம்மாவுக்கு அதுதான் பெரிய பயம், தெய்வக் குத்தமாகிவிடுமே என்று. அவரோ, "என்ன பாவம் பண்ணினேன்னு தண்டிச்சான்?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

இந்தக் கேள்வியை நான் மிகவும் கவனமாகக் கேட்டுக்கொள்கிறேன், காரணம் இருக்கிறது. கென்னத் பர்கமென்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் அமெரிக்காவில் 55 வயதைக் கடந்த, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளை இரண்டு ஆண்டு தொடர்ந்து கவனித்து, 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்து உள்ளுக்குள் போராடிக்கொண்டிருந்தவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. கடவுள்மேல் கோபப்படக் கூடாது என்று இதற்குப் பொருள் கொள்ளாதீர்கள். கோபத்தை வாய்விட்டுச் சொல்லக்கூட இடமில்லாமல் தனியே தவிப்பவரைத்தான் நாம் கவனிக்க வேண்டும். "அப்படிப் பேசாதீங்க" என்று வீட்டில் வாயை அடைக்கிறோம். யாராவது ஒரு பரிகாரம் சொல்கிறார், கடன் வாங்கிச் செய்கிறோம். அதற்குள் மனச்சோர்வு முற்றிவிடுகிறது.

அந்த விவசாயிக்கு மனச்சோர்வு இருந்தது. மருந்து கொடுத்தேன். படங்களைப் பழையபடி வைக்கச் சொல்லி அவரை வற்புறுத்த வேண்டாம் என்று மனைவியிடம் சொன்னேன். அவர் திட்டினால் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள், பதில் சொல்ல வேண்டாம் என்றேன். எட்டு மாதம் கழித்து, ஊர்த் திருவிழாவில் தேர் வடத்தைத் தொட்டதாகச் சொன்னார். "மன்னிச்சிட்டீங்களா?" என்றேன். "இல்லைங்க. ஆனா அவன்கிட்ட பேசாம இருக்க முடியல" என்றார். என் பணியில் நான் கேட்ட முதிர்ந்த வார்த்தைகளில் அதுவும் ஒன்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பக்தியில் வந்த கோளாறு போலத் தெரிவது சில சமயம் நோயாக இருக்கும். சன்னதியில் நிற்கும்போதெல்லாம் சாமியைப் பற்றி அசிங்கமான எண்ணம் வருகிறது என்பதை ஒரு இளம்பெண் நான்கு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. பரிகாரமாக ஒரு நாளில் எத்தனையோ முறை குளிப்பார், நூற்றெட்டு முறை மன்னிப்புக் கேட்பார், எண்ணிக்கை தவறினால் மறுபடி முதலிலிருந்து. இது ஓசிடி என்ற எண்ணச்சுழல் நோய். எதை நாம் உயிராக மதிக்கிறோமோ அதைத்தான் இந்த நோய் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பக்தி மிகுந்தவருக்கு அது இந்த உருவத்தில் வருகிறது. பாவமில்லை, சிகிச்சை உண்டு, குணமாகும். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிட்டால் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அதுபோல, தினமும் விளக்கேற்றிய பாட்டி திடீரென்று அதை நிறுத்திவிட்டால், வயதாகிவிட்டது என்று விடாதீர்கள். முதுமையில் வரும் மனச்சோர்வு சில சமயம் அப்படித்தான் முதலில் தலைகாட்டும்.

கோயிலுக்குப் போகாதே என்று யாரிடமும் நான் சொன்னதில்லை, போ என்றும் சொன்னதில்லை. அது என் வேலையில்லை. அவரவர் நம்பிக்கை இப்போது எந்த வயதில் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது என் வேலை. உடம்புக்கு ஐம்பது வயதாகியும் நம்பிக்கை மட்டும் கண்ணைக் குத்தும் சாமியிடமே நின்றுவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு சின்ன நஷ்டம் வந்தாலும் நடுங்கிப்போகிறார்கள்.

அந்தப் பெரியவருக்குத் தூக்கம் கெட்டது மனைவியை நினைத்துத்தான். மூன்று மாதத்தில் சரியானது. கடைசியாக வந்தபோது 2028 மகாமகத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "இறங்குவீங்களா ஐயா?" என்றேன்.

"முழுகணும்னு ஒண்ணும் இல்லம்மா. படிக்கட்டுல உட்காருவேன். வயசானவங்க ஏறி இறங்கச் சிரமப்படுவாங்க, கை கொடுக்கலாம்" என்றவர், வாசல்வரை போய்த் திரும்பி, "எந்தப் பக்கமிருந்து கங்கை வருதுன்னும் பார்க்கணும்" என்றார்.