கலைத்துப் போட்ட கட்டுக்குப் பழைய பாக்கி தெரியாது

52 சீட்டில் ஏஸ் 4. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அது ஏஸாக இருக்க 13-ல் 1 வாய்ப்பு. பத்தாம் வகுப்பு நிகழ்தகவுப் பாடம்தான். ஆன்லைன் ரம்மியில் பணத்தை விட்டுவிட்டு என்னிடம் ஆலோசனைக்கு வருகிறவர்களில் பலருக்கும் இது தெரியும். அதற்கு அடுத்த படியில்தான் சறுக்குகிறார்கள். “13-ல் 1னா, 13 தடவை எடுத்தா ஒரு தடவையாவது வந்துதானே சார் ஆகணும்?”

வராமலும் போகும். என் மேஜை இழுப்பறையில் ஒரு சீட்டுக்கட்டு உண்டு. ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டுக் கட்டுக்குள்ளேயே செருகி, கலைத்து, மறுபடி எடுக்கச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் ஏஸ் வராமலிருக்க 12/13. அதை 13 முறை பெருக்கினால் ஏறக்குறைய 0.35. அதாவது நூறு பேர் இப்படி எடுத்தால் சுமார் 35 பேர் கண்ணில் ஏஸே படாது. “கட்டுல ஏதோ கோளாறு” என்று ஏஸ்களை எண்ணிப் பார்ப்பவர்களும் உண்டு; பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

எடுத்த சீட்டைத் திரும்ப வைக்காவிட்டால் கணக்கு மாறும். முதலில் ஏஸ் வந்துவிட்டால் மிச்சம் 51-ல் 3தான். இரண்டுமே ஏஸாக வர 4/52 × 3/51, அதாவது 221-ல் 1. ஆகவே ஓர் ஆட்டத்துக்குள் எந்தச் சீட்டு விழுந்தது என்று கவனிப்பதில் அர்த்தம் இருக்கிறது. 1968-ல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரிதும் திறமை சார்ந்த ஆட்டம் என்றபோது சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று. ஆனால் அடுத்த ஆட்டத்துக்குக் கட்டைக் கலைத்ததும் அந்தக் கவனிப்புக்கு மதிப்பில்லை. “வரிசையா தோத்தாச்சு, இனிமே நம்ம பக்கம்தான்” என்பவர், ஓர் ஆட்டத்துக்குள் செல்லுபடியாகும் கணக்கைக் கலைத்த கட்டுக்கும் போடுகிறார்.

ஆட்டத்துக்குள்ளேயே கணக்கு எவ்வளவு கறார் என்று பாருங்கள். இரண்டு கட்டு, இரண்டு அச்சு ஜோக்கர், மொத்தம் 106 சீட்டு. கையில் 13, திறந்து கிடப்பது 1, ஜோக்கருக்குப் புரட்டியது 1. பார்க்காதவை 91. ஆட்டின் (ஹார்ட்ஸ்) 5, 6 வைத்துக்கொண்டு, வரிசை சேர 4 அல்லது 7-க்குக் காத்திருந்தால், கட்டுக்கு ஒன்றாக இரண்டு 4, இரண்டு 7 என அவை நான்குமே பார்க்காத சீட்டுகளில் இருக்கும் பட்சத்தில், அடுத்த இழுப்பில் வர 4.4 சதவீதம். கவிழ்த்த கட்டிலிருந்து 10 முறை இழுத்தாலும் 38 சதவீதத்தைத் தொடாது. 5, 7 வைத்து நடுவில் 6-க்குக் காத்திருந்தால் 10 இழுப்புக்கு 21 சதவீதம்தான். முதலிலேயே டிராப் செய்ய (அந்த ஆட்டத்திலிருந்து விலக) வேண்டிய கையை ஆசையில் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் இதை ஒருமுறையாவது போட்டுப் பார்க்கலாம். இதில் திறமைசாலியானாலும், செயலி நடத்துபவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் கமிஷனை எடுத்துவிடுவார். சம பலமுள்ள இருவர் விடாமல் ஆடினால் நாளடைவில் இரண்டு பேர் பணமும் கரையும்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. கடனும், விட்டதைப் பிடிக்கும் வெறியும் சட்டம் வந்த அன்றே போய்விடுவதில்லை. வீட்டில் யாராவது அப்படித் தவித்தால், திட்டித் தீர்ப்பதற்கு முன் 14416-க்குப் பேசுங்கள். டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.