சாரல் வந்தால் நெட் ஏன் கட்டாகிறது?

"சார், வெயில் அடிக்கும்போது எங்க வீட்ல நெட் நல்லா இருக்கு. சாரல் ஆரம்பிச்சா கேம் பாதியில கட்டாகுது. ஃபைபர் ஒயருக்குள்ள தண்ணி போயிருமா?"

புளியரையிலிருந்து பிளஸ் டூ படிக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கி, செங்கோட்டை முதல் தென்காசி வரை சாரல் தெறித்துக்கொண்டிருந்த ஜூன் மாதத்தில் வந்தது. இதே பிரச்சினையை இந்தப் பக்கம் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் தண்ணீரையும் கண்ணாடியையும் சேர்த்து இப்படி ஒருவரும் கேட்டதில்லை. பக்கத்து ஊர்தானே என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பிப் போனேன்.

போவதற்கு முன்பே போனில் சில வேலைகளைச் செய்யச் சொல்லியிருந்தேன். கேம் கட்டானால் எல்லோரும் முதலில் வைஃபையைத்தான் சந்தேகப்படுவார்கள். அதனால் மோடத்திலிருந்து லேன் ஒயர் இழுத்துப் பழைய லேப்டாப்பில் செருகி விளையாடிப் பார்த்தான், அப்போதும் கட்டானது. ஆக வைஃபை இல்லை. வீட்டில் யாராவது பெரிய வீடியோ அனுப்பும்போது பிங், அதாவது கேம் சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் நேரம், ஏறும், ஆட்டம் திக்கும். ஆனால் இணைப்பே அறுந்து போகாது. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இன்னும் மோசம். அங்கே போன் தமிழ்நாட்டு டவரையும் கேரள டவரையும் மாறி மாறிப் பிடிக்கிறது, மாறும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் போகிறது. கடைசியாக, கட்டாகிற நேரத்தில் மோடத்தில் எந்த விளக்கு மாறுகிறது என்று பார்க்கச் சொன்னேன். 'லாஸ்' விளக்கு சிவப்பில் மின்னுவதாகச் சொன்னான். அதற்கு ஒரே அர்த்தம்தான்: வெளியிலிருந்து வரவேண்டிய ஒளி வந்து சேரவில்லை.

அவனுடைய அம்மாவுக்கு இதில் நம்பிக்கையில்லை. "நான் பாக்குற சீரியல் நிக்காம ஓடுதே, இவன் கேம் மட்டும் எப்படி நிக்கும்?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. வீடியோ, அடுத்த அரை நிமிடத்துக்கான படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் பத்து நொடி இணைப்பு இல்லாவிட்டாலும் கையிருப்பை வைத்து ஓட்டிவிடும். கேமில் அது நடக்காது. எதிராளி அடுத்த நொடி எந்தப் பக்கம் ஓடுவான் என்பதை யாரும் முன்கூட்டி இறக்கி வைக்க முடியாது. அதிலும் ஒளி ஒருமுறை அறுந்தால், திரும்பி வந்ததும் மோடம் மறுபடி தன்னைப் பதிவு செய்து வரிசையில் சேர வேண்டும். அது முடிவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும்.

சரி, ஒளி எங்கே போகிறது? மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் உள்ளே வரும் ஒளியின் அளவைக் காட்டும் ஓர் எண் இருக்கும். அதை டெசிபலில் போட்டிருப்பார்கள். 0 என்றால் ஒரு மில்லிவாட். பத்துப் பத்தாகக் கீழே இறங்க இறங்க ஒளி பத்தில் ஒரு பங்காகும். மூன்று இறங்கினால் பாதியாகும். ஒரே இழையில் வரும் ஒளியை வழியில் ஒரு சின்னப் பெட்டியில் 32 வீடுகளுக்குப் பங்கு வைக்கிறார்கள். 32 பங்கு என்றால் ஐந்து முறை பாதியாக்குவது, அதிலேயே 15 டெசிபல் போய்விடும். அதற்குப் பிறகு வீட்டுக்கு வருவது சில மைக்ரோவாட்தான். கழித்தல் 27 வரை, அதாவது சுமார் 2 மைக்ரோவாட் வரை, மோடம் படித்துவிடும். அதற்குக் கீழே தடுமாறும்.

நான் போய் உட்கார்ந்தபோது கழித்தல் 22 காட்டியது. நல்ல அளவுதான். ஐந்து மணிக்கு மேல் காற்று எழுந்தது, ஓட்டின் மேல் தூற்றல் சத்தம் கேட்டது. தம்பியின் ஆச்சி எழுந்து போய் தெருப்பக்க ஜன்னலைச் சாத்தினார்கள். பக்கத்தைப் புதுப்பித்தேன்: கழித்தல் 26. காற்று ஒருமுறை ஓங்கி அடித்தது, ஜன்னல் கதவு தடதடத்தது. கழித்தல் 29. சிவப்பு விளக்கு மின்னியது.

ஆச்சி ஜன்னலைத் திறந்தார்கள். மறுபடி 22.

ஜன்னல் சட்டத்தின் கீழ் மூலையில் ஒரு மஞ்சள் ஒயர் உள்ளே வந்திருந்தது. கம்பத்திலிருந்து வரும் கறுப்பு ஒயர் வெளிச்சுவரில் ஒரு பெட்டியோடு முடிந்து, அங்கிருந்து இந்த மெல்லிய மஞ்சள் ஒயர் கதவின் இடுக்கு வழியாக மோடத்துக்குப் போகிறது. வெயில் காலத்தில் அந்த ஜன்னல் எந்நேரமும் திறந்தே கிடக்கும். சாரல் வந்தால்தான் சாத்துவார்கள். சாத்தினால் கதவு ஒயரை மடக்கும். காற்று அடித்தால் மடக்கியதை இன்னும் இறுக்கும். தம்பி மழையைச் சரியாகத்தான் கவனித்திருக்கிறான். நடுவிலிருந்த ஜன்னல்தான் அவன் கண்ணில் படவில்லை.

அப்புறம் கேபிள் அண்ணன் ஒருவரை வரவழைத்தோம். அவர் சட்டைப் பையில் பேனா மாதிரி ஒரு சிவப்பு லேசர் வைத்திருந்தார். ஒயரின் ஒரு முனையைக் கழற்றி அதைச் செருகி, விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். இருட்டில், கதவு மடக்கிய அந்த இடத்தில் மட்டும், மஞ்சள் உறையைத் தாண்டிக் குங்குமப் பொட்டு மாதிரி சிவப்பாக ஒளி கசிந்தது. கதவை மெதுவாகத் திறக்கத் திறக்கப் பொட்டு மங்கி மறைந்தது. ஆச்சி தானே ஜன்னலை இன்னொரு முறை சாத்தித் திறந்து பார்த்தார்கள். ஒளி ஒழுகுவதைக் கண்ணால் பார்க்கக் கிடைப்பது அபூர்வம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. ஒரு எச்சரிக்கை: உண்மையில் ஒயரில் வரும் ஒளி அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது. தெரியவில்லையே என்று கழற்றிய முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது.

வளைத்தால் ஏன் ஒழுகுகிறது? பள்ளிக்கூடத்தில் முழு அக எதிரொளிப்பு படித்திருப்போம். அடர்ந்த ஊடகத்திலிருந்து அடர்வு குறைந்ததற்குப் போகும் ஒளி, மாறுநிலைக் கோணத்தைத் தாண்டிச் சாய்வாகப் பட்டால் வெளியேறாமல் உள்ளேயே திரும்பிவிடும். 1841இல் ஜெனீவாவில் கொலாடன் என்ற அறிவியலாளர், தொட்டியிலிருந்து பீய்ச்சி விழும் தண்ணீருக்குள் ஒளியைச் செலுத்தி, தண்ணீர் வளைந்த வழியிலேயே ஒளியும் வளைந்து விழுவதைக் காட்டினார். தண்ணீர் பாட்டிலில் ஒரு துளை போட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து லேசர் அடித்தால் நீங்களும் பார்க்கலாம்.

ஆனால் நம் வீட்டு இழைக்கு இந்தப் பாடம் மட்டும் போதாது. அதன் நடுவில் ஒளி ஓடும் பகுதி சுமார் 9 மைக்ரோமீட்டர். சுற்றியிருக்கும் கண்ணாடி உறையோடு சேர்த்தே 125 மைக்ரோமீட்டர்தான். வரும் ஒளியின் அலைநீளமோ 1490 நானோமீட்டர், அதாவது ஒன்றரை மைக்ரோமீட்டர். இவ்வளவு குறுகிய பாதையில் ஒளியைச் சுவரில் மோதித் திரும்பும் பந்தாக நினைக்க முடியாது. அது பாதையை நிறைத்துக்கொண்டு போகும் ஓர் அலை; அதன் ஓரங்கள் உறைக்குள்ளும் கொஞ்சம் நீண்டிருக்கும்.

தேர் ரத வீதி முக்கில் திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். உள்பக்கத்து வடம் பிடிப்பவர்கள் நின்ற இடத்திலேயே நகர்வார்கள். வெளிப்பக்கத்தில் இருப்பவர்கள் ஓட வேண்டும். முக்கு எவ்வளவு குறுகலோ அவ்வளவு வேகமாக ஓட வேண்டும். ஒளி அலையும் அப்படித்தான் திரும்புகிறது. வளைவின் வெளியோரத்தில், உறைக்குள் நீண்டிருக்கும் பகுதி மற்றதோடு சேர்ந்து வர வேண்டுமானால் அது கூடுதல் வேகத்தில் போக வேண்டும். ஆனால் அந்தக் கண்ணாடியில் ஒளிக்கு ஒரு உச்ச வேகம் உண்டு, அதை மீற முடியாது. ஓட முடியாத அந்த ஓரம் கூட்டத்திலிருந்து பிரிந்து நேராக வெளியே போய்விடுகிறது. வளைவு பெரிதாக இருந்தால், ஓட முடியாத அளவுக்கு வெளியே நிற்கும் பகுதி மிகமிகச் சொற்பம், இழப்பே தெரியாது. வளைவு சுருங்கச் சுருங்க, பின்தங்கும் பங்கு கிடுகிடுவென்று ஏறும். அதனால்தான் ஜன்னல் கதவு சில மில்லிமீட்டர் இறுகியதற்கே, வந்த ஒளியில் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது.

இன்னொன்றும் இதிலிருந்தே கிடைக்கிறது. அலைநீளம் கூடினால் அலை அகலமாகப் பரவும். உறைக்குள் நீளும் பகுதியும் கூடும். அதனால் ஒரே வளைவில், வீட்டிலிருந்து வெளியே போகும் 1310 நானோமீட்டர் ஒளியைவிட உள்ளே வரும் 1490 அதிகம் ஒழுகும். 1550 இன்னும் அதிகம் ஒழுகும். ஒயர் எங்கோ மடங்கியிருக்கிறதா, இணைப்பில்தான் கோளாறா என்று பிரிக்க, தொழில்நுட்பர்கள் இரண்டு அலைநீளங்களில் அளந்து ஒப்பிடுவார்கள். நீள அலை மட்டும் கூடுதலாகக் குறைந்திருந்தால் மடிப்பு என்று அர்த்தம். கருவியை வளைவுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாமலே வளைவைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள்!

இனி தண்ணீர். மழை, ஒயரின் வெளியுறையைத் தாண்டிக் கண்ணாடிக்குள் போகாது. இணைப்பு முனையில் ஈரமோ தூசியோ பட்டால் ஒளி குறையும், அவ்வளவுதான். ஆனால் கண்ணாடிக்குள் தண்ணீரின் மிச்சம் இருந்த காலம் ஒன்று உண்டு. இழை தயாரிக்கும்போதே உள்ளே தங்கிவிட்ட ஹைட்ராக்சில் அயனிகள் 1383 நானோமீட்டர் பக்கத்தில் ஒளியை விழுங்கின. அதை 'தண்ணீர் முகடு' என்றே சொல்வார்கள். இப்போதைய இழைகளில் அதை ஏறக்குறைய அடியோடு நீக்கிவிட்டார்கள். தம்பி கேட்டது பெரிய ஆய்வுக்கூடங்கள் உட்கார்ந்து தீர்த்த ஒரு கேள்வியின் சொந்தக்காரக் கேள்வி.

1950களில் லண்டனில் இழைக் கற்றை வழியே படத்தையே கடத்திக் காட்டியவர்களில் ஒருவர், பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. கண்ணாடியைச் சுத்தமாக்கினால் தொலைதூரத்துக்கும் ஒளியை அனுப்பலாம் என்று 1966இல் கணக்குப் போட்டுச் சொன்னவர் சார்லஸ் காவோ; 2009இல் நோபல் பரிசு பெற்றார். அவர் கேட்ட அளவு, ஒரு கிலோமீட்டர் தாண்டி நூற்றில் ஒரு பங்கு ஒளி மிஞ்சினால் போதும் என்பது. இன்றைய நல்ல இழையில் 95 பங்கு மிஞ்சுகிறது. கண்ணாடியிலிருந்து அழுக்கை எடுப்பது என்ற, வெளியே சொன்னால் யாரும் கைதட்டாத வேலைக்குப் பல ஆண்டுகள் பணமும் பொறுமையும் கொடுத்தார்கள். நம் நாட்டில் ஆராய்ச்சிக்குச் செலவாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. புளியரையில் இப்படிக் கவனிக்கிற பையன் இருக்கிறான். அவன் பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒரு முழம் ஒளி இழையும் ஒரு சிவப்பு லேசரும் இருக்க வேண்டும். சில நூறு ரூபாய் சமாச்சாரம். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

ஆச்சி மோடத்துக்கு மிளகாய் சுற்றிப் போட்டுப் பார்த்திருந்தார்கள். பேரன் மேல் உள்ள பாசம் அது, அதில் எனக்கு வருத்தமில்லை. திருஷ்டி என்று முடித்துக்கொண்டால் விளக்கின் நிறத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் என் கவலை. இடி மின்னலுக்கு மோடத்தை அணைக்கலாமா என்றும் கேட்டார்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அடாப்டர் கரண்ட் பிளக்கில்தானே இருக்கிறது, இடி இடித்தால் அதைக் கழற்றி வையுங்கள் என்றேன்.

மடங்கி மடங்கி நைந்திருந்த ஒயரை அண்ணன் மாற்றினார். ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரில் துளை போட்டு உள்ளே எடுத்து, மிச்சத்தைப் பெரிய வட்டமாகச் சுற்றி ஆணியில் மாட்டினார். எவ்வளவு பெரிய வட்டம் என்று தம்பி கேட்டான். அடுக்களையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் காட்டினேன்: இதன் வாயைவிடச் சின்னதாக ஒருபோதும் வளைக்காதே.

நான்கு நாள் கழித்துச் செய்தி வந்தது. "ராத்திரி ஃபுல்லா சாரல் சார். ஜன்னல் சாத்திதான் இருந்தது. கழித்தல் 21தான். ஆனா சிங்கப்பூர் சர்வர்ல பிங் 60 இருக்கு. அதை 10 ஆக்க முடியுமா?"

முடியாது தம்பி. கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். புளியரையிலிருந்து சென்னைக்குச் சுமார் 600, அங்கிருந்து கடலடியில் சிங்கப்பூருக்கு 3,000க்கு மேல். போய்வர எப்படியும் 36 மில்லிசெகண்ட் ஆகும். மீதி 24இல் எவ்வளவு மும்பை சுற்றி வருகிறது, எவ்வளவு வழியில் வரிசையில் நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்க ட்ரேஸ்ரூட் என்று ஒரு வழி இருக்கிறது. அந்தப் பழைய லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்த்து, வருவதை அப்படியே எனக்கு அனுப்பு.