குடும்பப் படம்தானே என்று கூட்டிப்போகுமுன்

தீபாவளிக்கோ சித்திரை வருடப்பிறப்புக்கோ புதுப்படம் வந்தால் யாழ்ப்பாணத்துத் தாய்தகப்பன் முதலில் கேட்பது, “வெட்டுக்கொத்து இருக்கோ?” என்றுதான். இல்லை, குடும்பக் கதை என்று யாராவது சொல்லிவிட்டால் விசாரணை அதோடு முடிந்துவிடும். அம்மம்மா முதல் முன்பள்ளிப் பிள்ளை வரை எல்லோருக்கும் ரிக்கெட் எடுத்தாயிற்று. பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் திரும்பத் திரும்பக் காண்பது இதற்கு எதிர்மாறானது. கதாநாயகன் இருபது பேரைத் தூக்கி எறிவது கட்டுக்கதை என்று எட்டு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அப்படி ஓர் ஆளை அது தன் ஒழுங்கையில் கண்டதில்லை. குடும்பப் படத்தில் வருகிற குசினியோ அதன் வீட்டுக் குசினி மாதிரியே இருக்கிறது. அங்கே விழுகிற அறை அந்தப் பிள்ளைக்கு உண்மையான அறை.

சான்றிதழ் எதுவரை உதவும்

இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் படம் தொடங்குமுன் சில விநாடிகள் திரையில் வந்து போகும். ஆட்கள் இருக்கை தேடுகிற நேரம் என்பதால் அதை வாசிப்பவர்கள் குறைவு. ‘யு’ என்றால் எல்லோரும் பார்க்கலாம், ‘ஏ’ என்றால் 18 வயது நிரம்பியவர்கள் மட்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள ‘யு/ஏ’தான் குழப்பம். 1983இல் அது வந்தபோது, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளை பார்க்கலாமா என்பதைப் பெற்றோர் யோசித்து முடிவெடுக்க வேண்டும் என்பதே பொருள். 2023இல் சட்டத்தைத் திருத்தி அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்தார்கள். ஆகவே பழைய படமொன்றில் வெறும் யு/ஏ என்று இருந்தால், அது ஏழு வயதுக்கானதா பதினாறு வயதுக்கானதா என்று அதிலிருந்து பிடிபடாது. இந்த மூன்று எண்களும் பெற்றோருக்கான ஆலோசனை மட்டுமே. இங்கே ரிக்கெட் கொடுக்கிற இடத்தில் 16+ என்பதைக் காட்டி யாரும் உங்கள் பிள்ளையைத் திருப்பி அனுப்பப்போவதில்லை. அந்த வேலை உங்களுடையது.

தணிக்கையில் பெரிதாகப் பார்க்கப்படுவது இரத்தம், உடை, கெட்ட வார்த்தை, போதை. ஊர்ச்சனம் கூடிய இடத்தில் மாமியார் மருமகளை “மலடி” என்று சொல்கிற காட்சியில் இவை ஒன்றுமே இல்லை. அதனால் சான்றிதழிலும் அதற்குச் சுவடு இராது.

இலண்டனில் ஓடுகிற தமிழ்ப் படங்களுக்குப் பிரித்தானியத் திரைப்படத் தரப்படுத்தல் சபை (BBFC) தனியாக வயது கொடுக்கிறது. இந்தியாவில் யு/ஏ பெற்ற படங்கள் பல அங்கே 15 என்று வந்திருக்கின்றன. அங்கே 15 என்றால், அதற்குக் குறைந்த பிள்ளையைத் தாய் கையில் பிடித்துக்கொண்டு போனாலும் தியேட்டருக்குள் விடமாட்டார்கள். சபையின் தளத்தில் படத்தின் பெயரைப் போட்டால் வயதோடு சேர்த்து காரணமும் இருக்கும்: வீட்டு வன்முறை, தற்கொலை, பாலியல் வன்முறை என்று வெளிப்படையாக எழுதியிருப்பார்கள். இரண்டு நிமிட வேலை. இலண்டனில் மாமாவோ சித்தியோ இருந்தால் அவர்களைக் கேட்டும் அறியலாம். படங்களின் விவரங்களைத் திரட்டித் தருகிற ஐஎம்டிபி (IMDb) தளத்தில் பெற்றோருக்கான பக்கம் ஒன்று உண்டு. பாலியல், வன்முறை, கெட்ட வார்த்தை, மது புகை போதை, பயமூட்டும் காட்சிகள் என்று ஐந்து பிரிவுகள். எழுதுவது பார்வையாளர்கள் என்பதால் சில படங்களுக்கு விரிவாக இருக்கும், சிலவற்றுக்கு வெறுமையாக இருக்கும். வெறுமையாக இருந்தால் படத்தில் ஒன்றுமில்லை என்று எடுத்துவிட வேண்டாம், இன்னும் யாரும் எழுதவில்லை என்பதாகவும் இருக்கலாம்.

முழுப்படமும் பார்க்க நேரமில்லாவிட்டால்

வீட்டில் போடுகிற படம் என்றால் முன்கூட்டியே பார்ப்பதைப்போல வேறொன்றுமில்லை. இரண்டரை மணித்தியாலப் படத்தை முழுதாகப் பார்க்க வேண்டியதில்லை. நம் குடும்பப் படங்களில் கடுமையான காட்சிகள் அநேகமாக ஒரே மூன்று இடங்களில்தான் வரும். இடைவேளைக்கு முன் பத்து நிமிடம், இடைவேளைக்குப் பின் ‘அந்தக் காலத்தில் என்ன நடந்தது’ என்று விரிகிற இருபது நிமிடம், கடைசி இருபத்தைந்து நிமிடம். மொத்தம் 55 நிமிடம். ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் 40 நிமிடத்துக்குள் முடியும். சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கக் கூடாது. இந்த வகைப் படங்களில் பாதிக்கு மேற்பட்ட காயம் வார்த்தையில் இருக்கிறது.

பார்க்கும்போது எதைக் கவனிப்பது? பல படங்களில் வருகிற ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். தகப்பன் குடித்துவிட்டு வருகிறார். தாய் சோறு போடுகிறார். ஏதோ ஒரு சொல் தடிக்கிறது. சோற்றுக் கோப்பை சுவரில் மோதுகிறது, தாய்க்கு அறை விழுகிறது. கதவு நிலையைப் பிடித்தபடி மகள் நிற்கிறாள்.

முதலில், கமரா யாரோடு நிற்கிறது என்று பாருங்கள். அந்த மகளின் முகத்தையே நெருக்கமாகக் காட்டிக்கொண்டிருந்தால், பார்க்கிற பிள்ளை அவளுடைய இடத்தில் போய் நின்றுவிடும். அடியைத் தூரத்தில் காட்டுவதைவிட இது ஆழமாக இறங்கும். அடுத்து, அடித்ததைப் படம் என்னவென்று சொல்கிறது? மறுநாள் காலை தாய் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க, அவர் சிரிக்க, ஒரு பாட்டும் வந்து எல்லாம் சரியாகிவிடுகிறதா? அல்லது யாராவது ஒருவர், ஒரு பாட்டியோ பக்கத்து வீட்டுக்காரரோ, இது பிழை என்று வாய் திறக்கிறாரா? கடைசியாக, பிள்ளைக்கு மூச்சுவிட இடம் எப்போது கிடைக்கிறது? பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே இறுக்கமாக இழுத்தால் சின்னப் பிள்ளைக்கு அது தாங்காது.

அறை ஒன்றுதான், ஆனால் படத்துக்குப் படம் பதில் மாறும். இது பிழை என்று காட்டுகிற படத்தைப் பத்து வயதுப் பிள்ளை தாயோடு இருந்து பார்க்கலாம். “அவள் வாய் காட்டினாள், அதனால் அடித்தான்” என்று முடிகிற படத்தைப் பதினான்கு வயதிலும் காட்டத் தயங்க வேண்டும். இரண்டாவது படத்தில் அடி மெதுவாகவே விழுந்திருக்கலாம், கெடுதல் அதில்தான் கூட. நம் வீடுகளில் முத்தக் காட்சி வந்தால் றிமோட்டைத் தேடுகிற கை, மனைவிக்கு அறை விழும்போது அசைவதேயில்லை. விருப்பமில்லை என்று சொன்ன பெண்ணின் பின்னால் மாதக்கணக்கில் திரிந்து கடைசியில் ‘காதலில் வெல்லுகிற’ கதைகளும் அப்படியே தாண்டிப் போகின்றன. பதின்ம வயது ஆண் பிள்ளை வீட்டில் இருந்தால் இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

வயதைப் பொறுத்த வேறுபாடு

ஏழு வயதுக்குக் கீழே முகமும் சத்தமும்தான் பயமுறுத்தும். “அது நடிப்பு, பொய்” என்று விளங்கப்படுத்துவது அந்த வயதில் பெரிதாக உதவாது. மடியில் தூக்கி, வெளியே கொண்டுபோய், தண்ணீர் கொடுப்பது உதவும். எட்டிலிருந்து பன்னிரண்டு வரை “இது எங்களுக்கும் நடக்குமோ?” என்ற கேள்வி. தாய் தகப்பன் பிரிவது, கடன்காரன் வாசலில் நிற்பது, தாய் சாவது. வாய்விட்டுக் கேட்காமல் இரவில் வந்து உங்கள் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். தகப்பனை இழந்த பிள்ளைக்கோ, தகப்பன் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைக்கோ, யு சான்றிதழ் பெற்ற ஒரு மரணக் காட்சியே கூடிப்போகும். காணாமல் போனவருக்காகக் காத்திருக்கிற வீடுகளில், திரையில் ஒரு தாய் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற காட்சிக்கு அம்மம்மாவின் முகம் மாறும். பிள்ளை திரையை விட்டுவிட்டு அந்த முகத்தைத்தான் பார்க்கும்.

பதின்மூன்றுக்கு மேல் மிகவும் கவனிக்க வேண்டியது தற்கொலையைத் தீர்வாகக் காட்டுகிற கதை. செத்த பிறகு எல்லோரும் அழுது மன்னிப்புக் கேட்க, பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்கிறது. செத்தால்தான் என்னை விளங்கிக்கொள்வார்கள் என்று ஏற்கெனவே நினைக்கிற பிள்ளைக்கு அது ஒரு வழியைக் காட்டிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் திரைப்படக்காரர்களுக்கென்றே இதுபற்றி வழிகாட்டி வெளியிட்டது. தற்கொலை செய்யும் முறையைக் காட்ட வேண்டாம், மீண்டு வருகிறவர்களைக் காட்டுங்கள் என்கிறது அது. அண்மையில் யாரையாவது அப்படி இழந்த பிள்ளைக்கு இந்த வகைப் படம் இப்போது வேண்டவே வேண்டாம். பிள்ளை “நான் செத்தால் நல்லது” என்று சொன்னால் அதைப் பட வசனம் என்று தள்ளாதீர்கள். நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இலங்கையில் 1926 மனநல உதவிக்கும் 1929 சிறுவர் பாதுகாப்புக்குமான தொலைபேசி இலக்கங்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

வீட்டில் பூட்டுப் போடுதல்

நெட்ஃபிளிக்ஸில் பிள்ளைக்குத் தனி புரொஃபைல் திறந்து, கணக்கு அமைப்புக்குள் போய் வயது வரம்பை 7+ அல்லது 13+ என்று வையுங்கள். குறிப்பிட்ட ஒரு படத்தைப் பெயர் சொல்லியும் மறைக்கலாம். இவ்வளவும் பலர் செய்கிறார்கள். பிழைப்பது அடுத்த இடத்தில்: பெரியவர்களின் புரொஃபைலுக்கு நான்கு இலக்கப் பூட்டுப் போடாமல் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை அப்பாவின் புரொஃபைல் படத்தைத் தட்டி உள்ளே போய்விடும். பூட்டுக்குப் பிறந்த ஆண்டை வைத்தால் ஒரு நாளும் தாங்காது. கணக்குக்குக் கனடாவில் இருக்கிற பெரியம்மா காசு கட்டுகிறார் என்றால் கடவுச்சொல்லும் அவரிடமே இருக்கும். ஒருமுறை தொலைபேசியில் பேசிச் செய்வித்துக்கொள்ளுங்கள். பென் டிரைவிலும் டெலிகிராமிலும் வருகிற பிரதிக்குச் சான்றிதழுமில்லை பூட்டுமில்லை, சூதாட்ட விளம்பரம் வேறு நடுவில் ஓடும்.

தியேட்டரில் கண்ணைப் பொத்துவது பெரும்பாலும் பலிக்காது. சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், மிச்சத்தைப் பிள்ளை தானாகவே கற்பனை செய்துகொள்ளும், அது திரையில் இருப்பதைவிடப் பயங்கரமாக இருக்கும். நடைபாதை ஓர இருக்கை எடுங்கள். “பயமா இருந்தால் என்ர கையை ரண்டு தரம் அமத்து, வெளியில போவம்” என்று முதலே பேசிவையுங்கள். ரிக்கெட் காசு போகிறதே என்று இருந்துவிடாதீர்கள். அழுகிற பிள்ளையை “பேப்பிள்ளை” என்று சொந்தக்காரர் முன்னால் பகிடி பண்ணினால், அடுத்த முறை அது பயத்தை ஒளித்துவைக்கும்.

வீடு வந்ததும் “படம் பிடிச்சதோ?” என்று கேட்டால் “ஓம்” என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். “அந்த அம்மாவில ஆருக்கு இரக்கம் வந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். “ஏன் அவ ஒண்டும் சொல்லேல்ல?” என்று பிள்ளை திருப்பிக் கேட்டால் மழுப்ப வேண்டாம். “அவாக்குப் பயம். அடிச்சது பிழை. அப்பிடி ஆருக்கும் நடந்தால் நம்பிக்கையான ஒராளிட்டச் சொல்லலாம்.” இவ்வளவு போதும். சில வேளை பிள்ளை அதற்குப் பிறகும் பேசாமல் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். படத்தைப் பற்றியல்லாமல் வேறொன்றைச் சொல்ல வருகிறதாக இருக்கலாம், அவசரப்படாமல் பக்கத்தில் இருங்கள். ஓரிரு நாள் கெட்ட கனவு வருவது வழமை. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை குழம்பினாலோ, விட்டிருந்த படுக்கையில் சிறுநீர் போகிற பழக்கம் திரும்பினாலோ, பள்ளிக்கூடம் போக மறுத்தாலோ, பாடசாலையின் ஆலோசனை ஆசிரியரிடமோ வைத்தியரிடமோ கதையுங்கள். எந்தப் படம், எந்தக் காட்சி என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.